மார்கழி வாடையில் ஃப்ளை வீச்சு: கிரேலிங் ராடு நம்ம கரைக்கு ஒத்துவருமா?

வேதாளைத் தூண்டில் கேட்டது:

வணக்கம் அண்ணன்மாரே. இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பக்கத்து ஆறுகளில் குளிர்காலத்தில் கிரேலிங் என்கிற ஆற்று மீனைப் பிடிக்கப் பயன்பட்ட ஃப்ளை (நூலும் முடியும் முள்ளில் கட்டிய போலி இரை) செட் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. 9 அடி நீளம், 5 எடை ராடு (அது வீசும் லைனின் எடை எண்). மிதக்கும் லைன். பிரேக் இல்லாமல் கிர்ரென்று சத்தம் மட்டும் போடும் சின்ன ரீல். கூடவே ஒரு பெட்டி நிறைய டங்ஸ்டன் மணி வைத்த நிம்ஃப் (அடிக்கு மூழ்கும் சின்ன ஃப்ளை), 12, 14 நம்பர் முள்ளில் கட்டியவை. பாதிக்கு மேல் ரோஸ் நிறம்.

மார்கழி, தையில் மண்டபத்துக்கும் சேதுக்கரைக்கும் நடுவே கரையில் நின்றே வீச வேண்டும். படகு கிடையாது. கைத்தூண்டில் பழக்கம் உண்டு; ஃப்ளை வீச்சு மைதானத்தில் பழகியதோடு சரி.

வாடை அடிக்கும்போது வடகடலா (பாக் நீரிணை), தென்கடலா (மன்னார் வளைகுடா)? இந்த 5 எடை ராடு எந்த மீனைத் தாங்கும்? பெட்டியில் இருக்கிற நிம்ஃப் உப்புத் தண்ணீரில் உதவுமா, இல்லை புதிதாகக் கட்ட வேண்டுமா? கட்டுவதென்றால் ராமநாதபுரம் கடைத்தெருவில் கிடைக்கிற சாமானில் கட்ட வழி இருக்கிறதா?


தென்கடல் எழுதியது:

தம்பி, ராடை அப்புறம் பார்க்கலாம். காற்றுதான் முதலில்.

ஐப்பசி கடைசியிலிருந்து தை வரை வாடை வடகிழக்கிலிருந்து வரும். பாக் நீரிணைப் பக்கம், அதாவது அரியமான், தேவிபட்டினம், தொண்டி எல்லாம் அதற்கு நேர் முகம் கொடுத்து நிற்கிற கரை. வடகடல் ஆழம் குறைந்தது, பெரும்பாலும் 10 மீட்டருக்குள்ளேதான். அடியில் சேறு. காற்று கொஞ்சம் ஓங்கினாலும் அடிச்சேறு கிளம்பித் தண்ணீர் டீ மாதிரி ஆகிவிடும். ஃப்ளை என்பது மீன் கண்ணால் பார்த்துப் பிடிக்க வேண்டிய பொருள், அதில் வாசனை கிடையாது. கலங்கல் தண்ணீரில் புழு போட்டவனுக்கு மீன் விழும், ஃப்ளை போட்டவனுக்கு விழாது.

தென்கடல் பக்கம் அதே நாளில் நிலமே காற்றை மறைத்துக் கொடுக்கும். வேதாளை, புதுமடம், பெரியபட்டினம், சேதுக்கரை வரை கரையோரம் தணிந்து தெளிவாக இருக்கும். ஆனிஆடியில் கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும்போது இது அப்படியே தலைகீழ். தனுஷ்கோடிப் பக்கம் அமைதியானது என்று வடகடலைப் பெண்கடல் என்றும் தென்கடலை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். மார்கழியில் அந்தப் பெயரை நம்பி வடகடலில் இறங்காதே.

வீச்சுக்கும் இதே கணக்குதான். வேதாளைக் கரையில் கடலைப் பார்த்து நின்றால் வாடை உன் இடது பக்கமும் கொஞ்சம் பின்னாலும் இருந்து வரும். வலது கையால் வீசுகிறவனுக்கு அது நல்லது: லைனை உடம்பிலிருந்து வெளியே தள்ளும், முன் வீச்சையும் தூக்கிக் கொடுக்கும். பின் வீச்சு மட்டும் காற்றுக்குள் போகவேண்டும். அதைத் தாழ்வாகவும் அழுத்தமாகவும் போட்டு, லைன் முழுக்க நீண்ட பிறகு, முன் வீச்சைக் கொஞ்சம் உயரமாக விடு. பின்னால் லைன் நீளும் முன் முன்னே இழுத்தால் சாட்டை மாதிரி சொடுக்கும், ஃப்ளை அறுந்து போகும். வீசி முடித்துப் பார்த்தால் நைலான் நரம்பு முனையில் ஒன்றும் இருக்காது. அரியமானில் நின்றால் காற்று முன்னாலும் வலதிலுமிருந்து வந்து, முள்ளை நேராக உன் காதுக்குக் கொண்டு வரும்.

இப்போது ராடு. 5 எடை லைனின் முதல் 30 அடி சுமார் 9 கிராம். 8 எடையில் அது 13.6 கிராம். ஃப்ளையைச் சுமந்து போவது லைனின் எடைதானே தவிர ஃப்ளையின் எடை இல்லை. ஈயக்கண் வைத்த, விரல் நீள ஃப்ளையை 9 கிராம் லைன் இழுத்துப் போகாது. பாதி வழியில் விழும், இல்லாவிட்டால் ராடு நுனியில் இடிக்கும். கார்பன் ராடில் ஈயம் ஒரு தடவை இடித்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். மூன்று நாள் கழித்து, சாதாரண மீன் இழுக்கும்போது அந்த இடத்தில் ஒடியும். பாறை, தோல்பாறை, சீலா மாதிரி மீன்களுக்கு 8 எடை ராடு, உள்ளே தண்ணீர் புகாத பிரேக் ரீல், லைனுக்குப் பின்னால் 150 மீட்டர் பேக்கிங் நூல் இவ்வளவும் வேண்டும்.

ஆனால் 5 எடையை மூலையில் சாத்த வேண்டாம். அதற்கென்றே நம்ம கரையில் ஒரு மீன் இருக்கிறது: கிழங்கான்.

கிரேலிங் ஏன் குளிர்காலத்து மீன் என்று யோசித்துப் பார். அங்கே டிரவுட் முட்டையிடும் காலம் அது, பிடிக்கத் தடை. கிரேலிங் வசந்தத்தில்தான் முட்டையிடும், ஆகவே குளிரில் நல்ல சதைப்பிடிப்போடு இருக்கும். கூட்டமாக ஆற்றின் அடியில் நின்று, கீழ்ப்பக்கம் அமைந்த சின்ன வாயால் புழுவையும் சின்ன நன்னீர்க் கூனிகளையும் பொறுக்கும். மேலே மிதக்கும் ஃப்ளையைவிட, கனத்த மணியோடு அடியைத் தொட்டு உருளும் நிம்ஃப் அங்கே அதிகம் உதவுவது இதனால்தான். கிழங்கானும் கூட்டமாக மணலடியில் மேயும். அதற்கும் சின்ன வாய். மணலில் இருக்கும் புழு, கூனி இறால்தான் இரை. உன் பெட்டியில் இருக்கிற ரோஸ் நிம்ஃப் அதற்குப் பழகின சாப்பாடு மாதிரிதான் தெரியும்.

இடம்: சுத்தமான மணல், முழங்கால் ஆழம். கரைக்கும் முதல் மணல் திட்டுக்கும் நடுவில் ஒரு பள்ளம் ஓடும். ஏற்றம் பாதி ஏறும்போது கிழங்கான் அந்தப் பள்ளத்துக்குள் வரும். நம்ம பக்கம் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டர்கூட வராது, அதனால் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில்தான் பள்ளத்தில் ஓட்டம் தெரிகிற மாதிரி இருக்கும். அவசரப்பட்டுத் தண்ணீரில் இறங்காதே. கிழங்கான் மிரண்டால் மணலுக்குள் புதைந்துகொள்ளும், அப்புறம் அந்த இடம் காலி. முதல் பத்து வீச்சு காய்ந்த மணலில் நின்றே.

10 முதல் 12 மீட்டர் வீச்சு போதும். லீடர் (லைன் முனையில் கட்டும் நரம்பு) 9 அடி, அதன் கடைசி நரம்பு 0.20 மில்லி. ஃப்ளை விழுந்ததும் இரண்டு மூன்று எண்ணு, அடியைத் தொடட்டும். ராடு நுனியைத் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே வைத்து, லைனை நாலு விரற்கடை இழு, நிறுத்து. மறுபடி நாலு விரற்கடை. ஒவ்வொரு இழுப்புக்கும் மணலில் ஒரு பொட்டுப் புகை எழும்ப வேண்டும், அதைப் பார்த்துத்தான் மீன் திரும்பும். கடி பெரும்பாலும் நிறுத்தத்தில் வரும்: டக் டக்கென்று இரண்டு தட்டு, அல்லது லைன் சும்மா நின்றுவிடும். அப்போது ராடை மெதுவாகத் தூக்கினால் போதும். வெடுக்கென்று இழுத்தால் அந்த மெல்லிய வாய் கிழிந்துவிடும்.


சவுரிமுடி எழுதியது:

தென்கடல் அண்ணன் சொன்னதில் ஒன்று சேர்க்கணும்: பெட்டியிலிருக்கிற நிம்ஃப் எல்லாம் நன்னீர் முள். ஒரே காலைப் பொழுது உப்பில் நனைந்தாலும் மறுநாள் துரு. அந்த ஒன்றைப் பெட்டிக்குள் வைத்தால் பக்கத்தில் இருக்கிற பத்தும் துருப்பிடிக்கும். ஆகவே அன்றைக்கு வேண்டிய நாலைந்தை மட்டும் எடுத்துத் தொப்பியில் குத்திக்கொண்டு போங்கள். நனைந்ததைத் திரும்பப் பெட்டியில் போடாதீர்கள். 14 நம்பர் முள் கம்பியும் மெல்லியது. அரைக் கிலோ பாறைக்குஞ்சு கவ்வினாலே விரிந்துவிடும்.

கிழங்கானுக்குக் கட்டுவதாக இருந்தால் 8 நம்பர் எவர்சில்வர் முள்ளோ தகரப்பூச்சு முள்ளோ எடுங்கள். முன்னால் 3 மில்லி பித்தளை மணி. உடம்புக்கு ரோஸ் கம்பளி நூலை விரலால் பிரித்துப் பஞ்சாக்கி, நூலில் முறுக்கிச் சுற்ற வேண்டும். மேலே ஐந்தாறு சுற்று மெல்லிய செம்புக் கம்பி. மோட்டார் வைண்டிங் கடையில் மிச்சத் துண்டு கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். வாலுக்கு நாலு முடி. அவ்வளவுதான். கம்பளியைத் தடியாகச் சுற்றினால் காற்று தங்கி ஃப்ளை மிதக்கும். உடம்பு தீக்குச்சிக்கு மேல் தடிக்கக் கூடாது.

பாறை, தோல்பாறை, சீலாவுக்கு ஒரே ஒரு ஃப்ளை கற்றுக்கொண்டால் போதும் என்பேன்: கிளவுசர். நெத்திலியும் சூடையும் போல ஒல்லியாக இருக்கும், கண்ணின் பாரத்தால் முள் மேல்பக்கமாகத் திரும்பி ஓடும். நம்ம கரையில் கடற்புல்லும் பாசியும் அதிகம், முள் கீழே நோக்கிப் போகிற ஃப்ளை வீச்சுக்கு வீச்சு புல் அள்ளிக்கொண்டு வரும். இதில் அந்தத் தொல்லை பாதிக்கு மேல் குறையும்.

சாமான் எல்லாம் ஊரிலேயே கிடைக்கும். 1 அல்லது 1/0 முள். கண்ணுக்கு, சாவிக்கொத்தில் வருமே குட்டிக் குட்டி மணிச் சங்கிலி, அதில் இரண்டு மணியைச் சேர்த்து வெட்டினால் முழங்கால் ஆழத்துக்கு அளவான பாரம். இடுப்பு ஆழத்துக்கு மேல் என்றால் ஈயக்கண். முடிக்கு வெள்ளாட்டு வால் முடி நல்லது. நைலான் சவுரி அதைவிட நீடித்து உழைக்கும், ஃபேன்சி ஸ்டோரில் கலர் சவுரியும் கிடைக்கும். பளபளப்புக்கு பிளாஸ்டிக் ஜிகினா மூன்று நாலு இழை. சேலை ஜரிகை வேண்டாம், உப்பில் கறுத்துவிடும். நூல் பாலியஸ்டர் தையல் நூல். பருத்தி நூல் ஊறித் தளர்ந்துவிடும்.

முள்ளை வைஸில் (இறுக்கிப் பிடிக்கும் இடுக்கி) பிடித்து, முள்காதுக்கு 3 மில்லி விட்டு நூலை ஆரம்பியுங்கள். அந்த 3 மில்லியைக் கடைசி வரை யாருக்கும் கொடுக்காதீர்கள். புதிதாகக் கட்டுகிறவர்கள் எல்லாரும் அந்த இடத்தை முடியால் நிரப்பிவிட்டு நரம்பு கோக்க வழியில்லாமல் நிற்பார்கள். காதிலிருந்து தண்டில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி மணிக்கண்ணை மேலே குறுக்காக வைத்து, எட்டுப் போட்ட மாதிரி பத்துச் சுற்று, பிறகு கண்ணுக்கும் தண்டுக்கும் இடையே வட்டமாக ஐந்து சுற்று. இழுத்துப் பார்த்தால் கண் திரும்பக் கூடாது. ஒரு சொட்டு ஃபெவிகுயிக். இது காயாமல் மேலே போனால் நாலாவது வீச்சில் கண் சாய்ந்து, ஃப்ளை பம்பரமாகச் சுழன்று, லீடர் முறுக்கிக்கொள்ளும்.

வெள்ளை முடி 7 சென்டிமீட்டர், தீக்குச்சித் தடிமன். கண்ணுக்கு முன்னால் கட்டி, இரண்டு மணிக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் படுக்கவைத்து, கண்ணுக்குப் பின்னாலும் ஒரு கட்டு. இப்போது முள்ளைத் தலைகீழாகத் திருப்பிப் பிடியுங்கள். ஜிகினாவைக் கட்டி, அதற்கு மேல் இரண்டாவது நிற முடி, அதே தடிமன். இதைக் கண்ணுக்கு முன்னால் மட்டும் கட்டணும், பின்னால் கட்டக் கூடாது. அது முள்முனையை மூடினாற்போல் படுத்துக்கொள்ளும். நூலை முடிந்து நெயில் பாலிஷ் இரண்டு பூச்சு. வெளிச்சத்தில் பிடித்தால் முடிக்கு ஊடே அந்தப் பக்கம் தெரியணும். தெரியவில்லை என்றால் முடி அதிகம், சவரப் பிரஷ் மாதிரி மிதக்கும், அடிக்கு இறங்காது.

தென்கடல் தெளிவில் வெள்ளையோடு சாம்பலோ ஆலிவ் பச்சையோ. காற்று நின்று வடகடல் பாதி தெளிந்திருக்கும் நாளில் வெள்ளையோடு எலுமிச்சை மஞ்சள்.

8 எடைக்கு லீடர் எளிது: 0.60 மில்லி நரம்பு ஒரு மீட்டர், 0.45 மில்லி 60 சென்டிமீட்டர், 0.33 மில்லி 50 சென்டிமீட்டர். இரண்டிரண்டையும் டபுள் யூனி முடிச்சால் இணையுங்கள். எச்சில் தடவாமல் இறுக்கினால் சூட்டில் நரம்பு சுருளும், அங்கேதான் அறும். கடைசியில் ஒரு சாண் அளவுக்கு மறுபடி 0.60 மில்லி, ஃப்ளையை இறுக்கிக் கட்டாமல் வளையமாக முடிந்தால் அது தலையாட்டி நீந்தும். சீலா நிற்கிற இடம் என்றால் அந்த ஒரு சாணுக்குப் பதில் 12 சென்டிமீட்டர் ஒற்றை இழை எஃகுக் கம்பி. கம்பி போட்டால் தெளிந்த தண்ணீரில் பாறை விலகிப் போகும், ஆகையால் சீலா அறுத்த பிறகு கம்பிக்கு மாறினால் போதும். ஃப்ளையின் வால் மட்டும் கத்தரியால் வெட்டினதுபோல் வட்டமாகக் காணாமல் போனால் அது சீலா இல்லை, பேத்தை. அந்த இடத்தை விட்டு ஐம்பது அடி நகர்ந்துவிடுங்கள். ஒரு பேத்தை இருந்தால் ஒரு கூட்டமே இருக்கும், கட்டி வைத்த ஃப்ளை அத்தனையும் தீர்ந்துபோகும்.


முகத்துவாரம் எழுதியது:

கிரேலிங்குக்கு அங்கே செய்கிற வீச்சை அப்படியே செய்துபார்க்க ஓர் இடம் இருக்கிறது: வைகை கடலில் சேருகிற ஆற்றங்கரை முகத்துவாரம். வருஷத்தில் பெரும்பகுதி வைகைத் தண்ணீர் ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு நின்றுவிடும். மழைக்காலத்தில் மிச்சத் தண்ணீர் வந்தால்தான் அழகன்குளம், ஆற்றங்கரை வழியாக ஓட்டம் இருக்கும். குண்டாறு சேருகிற மூக்கையூரும் அதே மாதிரிதான், அது தென்கடல் பக்கம் என்பதால் வாடைக்கு இன்னும் தோது.

வெள்ளம் வந்த முதல் இரண்டு நாள் போகாதீர்கள், குப்பையும் செஞ்சேறும்தான். ஓட்டம் தணிந்து, ஆற்றுத் தண்ணீரும் கடல் தண்ணீரும் சேருமிடத்தில் ஒரு கோடு தெரிய ஆரம்பிக்கும்: ஒரு பக்கம் பழுப்பு, ஒரு பக்கம் பச்சை. கொடுவா மீன் அந்தக் கோட்டின் பழுப்புப் பக்கம், ஓட்டம் மட்டுப்படுகிற மூலையில் நிற்கும். விடியலும் மயங்கின நேரமும்.

இங்கே இழுத்து ஓட்டுகிற வேலை குறைவு. கரையில் நின்று ஓட்டத்துக்கு எதிராக, சாய்வாக மேலே வீசுங்கள். ராடை உயர்த்தி, லைன் எவ்வளவு குறைவாகத் தண்ணீரில் படுமோ அவ்வளவு குறைவாக வைத்து, ஃப்ளை வருகிற வேகத்துக்கு ராடு நுனியைக் கூடவே நகர்த்துங்கள். நடு ஓட்டம் லைனின் வயிற்றை இழுத்தால் ஃப்ளை அடியிலிருந்து தூக்கிக்கொண்டு ஓடும். செத்து வருகிற இறால் அப்படி ஓடாது, மீன் கண்டுகொள்ளும். லைன் வளைந்தால் உடனே ராடு நுனியால் அரை வட்டம் போட்டு வளைவை மேல் ஓட்டத்துப் பக்கம் தூக்கிப் போடுங்கள். கிரேலிங் பிடிக்கிறவர்களின் கைத்திறன் முழுக்க இதில்தான் இருக்கிறது, இந்த ஒன்றைப் பழகியவர்களுக்கு முகத்துவாரம் கைவந்துவிடும். பத்து வீச்சில் ஒரு தடவைகூட ஃப்ளை அடியில் தட்டவில்லை என்றால் பாரம் போதாது. ஒவ்வொரு வீச்சிலும் மாட்டினால் பாரம் அதிகம்.

இதற்கு 8 எடைதான், 5 எடை வேண்டாம். கொடுவாவுக்குப் பல் பயம் இல்லை, செவுள் மூடியின் ஓரம்தான் கத்தி. நரம்பு அதில் உரசினால் 0.33 மில்லி உடனே போய்விடும். ஆகவே கடைசி அரை மீட்டர் 0.70 மில்லி. கையில் எடுக்கும்போதும் செவுளில் விரல் விடாமல் கீழ்த்தாடையைப் பிடியுங்கள்.

பாம்பன் கால்வாயில் இந்த மாதத்தில் நீவாடு வடகடலிலிருந்து தென்கடலுக்கு ஓடும், அந்த ஓட்டத்தைப் பார்த்தால் யாருக்கும் கை துறுதுறுக்கும். பாலத்தில் நின்று வீசுவது மட்டும் கூடவே கூடாது. பின் வீச்சில் முள் போவது ரோட்டில் போகிறவர் முகத்துக்கு.


வேதாளைத் தூண்டில் எழுதியது:

ரொம்ப நன்றி அண்ணே. கிழங்கான் சொன்னபடியே விழுந்தது, பள்ளத்தில்தான். 8 எடை ஒன்று கடன் வாங்கிக் கிளவுசரும் வீசினேன். தோல்பாறை ஐந்து தடவை இடித்தது, ஒன்றுகூட மாட்டவில்லை. ராடைத் தூக்கின உடனே விட்டுவிடுகிறது. முள் கூர்மையாகத்தான் இருக்கிறது, நகத்தில் வைத்தால் வழுக்கவில்லை.

இன்னொன்று: 5 எடை லைன் எட்டு மணிக்கு மேல் பிசுபிசுத்து வளையத்தில் ஒட்டுகிறது, காலடியில் விழுந்த சுருள் மணலோடு முடிச்சாகிறது. லைன் கெட்டுவிட்டதா? நான் இடதுகைக்காரன் என்பதையும் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். காற்று அண்ணன் சொன்னதற்கு எதிராக, லைனை என் மேல்தான் கொண்டுவந்து போடுகிறது.


சவுரிமுடி எழுதியது:

கெட்டுப்போகவில்லை. அது குளிர் தண்ணீருக்குச் செய்த லைன். பூச்சு மெத்தென்று இருந்தால்தான் உறைகிற குளிரிலும் சுருண்டு விறைக்காமல் இருக்கும். அதே பூச்சு நம்ம வெயிலில் இளகிவிடும். வெப்ப நாட்டு லைன் என்று விறைப்பாகத் தனியே வருகிறது, வாங்கும் வரை இதை விடியலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் சோப்புத் தண்ணீரில் துணி நனைத்து முழு லைனையும் துடைத்து நிழலில் காயப் போடுங்கள். கொசு மருந்து தடவின கையால் லைனைத் தொடவே கூடாது, பூச்சைத் தின்றுவிடும்.

சுருளுக்கு மருந்து அன்னக்கூடை. சின்ன பிளாஸ்டிக் அன்னக்கூடையை பெல்ட்டில் கோத்து வயிற்றுக்கு முன்னால் கட்டுங்கள். அடியில் தண்ணீர் வடிய ஓட்டை, கூடவே ஆறேழு கேபிள் டையைக் கீழிருந்து மேலே குத்தி 5 சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும்படி விடுங்கள். இழுத்த லைன் அந்தக் குச்சிகளுக்கு நடுவே படிந்து படிந்து விழும், ஒன்றோடொன்று சிக்காது, மணலையும் தொடாது.

ரீலையும் ராடையும் நல்ல தண்ணீரில் கழுவுவது அன்றைக்கே ஆகணும். முக்கியமாக ராடு துண்டுகள் சேருகிற பொருத்து. உப்பு காய்ந்தால் அங்கே இறுகிப்போகும், முறுக்கிக் கழற்றும்போது பிளந்துவிடும். மெழுகுவத்தியை லேசாகத் தேய்த்து வையுங்கள்.


தென்கடல் எழுதியது:

தோல்பாறை விஷயம் முள்ளில் இல்லை தம்பி, கையில் இருக்கிறது. கிரேலிங்குக்கும் கிழங்கானுக்கும் ராடைத் தூக்கலாம். மெல்லிய முள், மெல்லிய வாய். 1/0 முள் தடித்தது, தோல்பாறையின் வாய் எலும்பு. ராடைத் தூக்கினால் நுனி வளைந்து உன் பலத்தை அதுவே குடித்துவிடும், முள்முனைக்கு ஒன்றும் போய்ச் சேராது. அதோடு ஃப்ளை மீனின் முன்னாலிருந்து மேலே எழும்பி ஓடிவிடும். இடிக்கிறபோது ராடை நேராக மீனைப் பார்த்தே வைத்துக்கொண்டு, லைனைப் பிடித்த கையால் ஒரு முழம் நீளத்துக்கு அழுத்தி இழு. மாட்டாவிட்டாலும் ஃப்ளை ஒரு முழம்தான் நகர்ந்திருக்கும், மீன் திரும்பி வந்து அடிக்கும். பாரம் முழுசாக ஏறின பிறகுதான் ராடை உயர்த்தணும். அப்போது கூடையில் கிடக்கிற லைன் பாய்ந்து வெளியேறும். விரலை வளையமாக வைத்து அதை வழிவிட்டுக் கொடு, ரீல் வரை போகட்டும். லைனில் ஒரு சுருள் கைக்கடிகாரத்திலோ ராடின் கைப்பிடியிலோ மாட்டினால் மீன் அந்த நொடியே அறுத்துக்கொண்டு போகும். கொண்டுவரும்போதும் ராடைச் செங்குத்தாக நிமிர்த்தாதே. கால்பக்கம் வந்த மீனை ராடால் தூக்க நினைத்து ஒடித்தவை ஏராளம். பின்னால் நடந்து மணலில் ஏற்று. தோல்பாறையின் முதுகு முள், வயிற்றுப்பக்கம் வால் அருகே உள்ள முள் இரண்டும் கடுக்கும், துணி போட்டுப் பிடி.

நடப்பது பற்றியும் சொல்லிவிடுகிறேன். தண்ணீரில் காலைத் தூக்கித் தூக்கி வைக்காமல் மணலைத் தேய்த்தபடி போ. மணலுக்குள் படுத்திருக்கிற திருக்கை அதிர்வு தெரிந்து விலகிவிடும், மிதித்தால்தான் குத்தும். குத்திவிட்டால் கால் தாங்குகிற சூட்டில், 45 டிகிரிக்கு மேல் போகாமல், வெந்நீரில் அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வை, வலி இறங்கும். முள் துண்டு உள்ளே இருக்கலாம், ஆகவே ஆஸ்பத்திரிக்கு போய்த்தான் ஆகணும்.

எதிரே தெரிகிற தீவுகள் பக்கம் தண்ணீர் தணிவாக இருக்கிறதே என்று நடந்து போகாதே. மண்டபத்திலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவும் 1986-லிருந்து தேசியப் பூங்கா, உள்ளே மீன் பிடிக்கக் கூடாது. தனுஷ்கோடிக்குப் போகிற வழியில் பூநாரை மேய்கிற காயல்களும் அப்படித்தான் விட்டுவிட வேண்டிய இடம். காலடியில் கடல் அட்டை தட்டுப்பட்டால் தொடாமல் போ, அதைக் கையில் வைத்திருப்பதே குற்றம்.

இடதுகைக்கு இரண்டு வழி. முதல் வழி, கடலுக்கு முதுகு காட்டி நின்று கரையைப் பார்த்து வீசு. அப்போது வாடை உன் வலது பக்கத்துக்கு வந்துவிடும், லைன் உடம்பை விட்டு விலகிப் போகும். உன் பின் வீச்சுதான் கடலுக்குப் போகும், கடைசிப் பின் வீச்சில் லைனை விட்டுவிட்டுத் திரும்பிக்கொள். தூரம் கொஞ்சம் குறையும், கிழங்கானுக்கு அது தாராளம். கரையில் ஆள் நடமாட்டம் இருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பார். இரண்டாவது வழி இடத்தை மாற்றுவது. தென்கடல் கரை நேர்கோடு இல்லை, மணல் முனைகள் துருத்திக்கொண்டிருக்கும். முனையின் மேற்கு ஓரத்தில் மேற்கைப் பார்த்து நின்றால் வாடை உன் வலது பக்கமும் பின்னாலும் இருந்து வரும். வலதுகைக்காரருக்கு வேதாளைக் கரை எப்படியோ அப்படி உனக்கு அந்த ஓரம். முனையைச் சுற்றி ஓட்டம் திரும்புகிற இடத்தில்தான் சூடைக் குஞ்சு ஒதுங்கும், தோல்பாறையும் அங்கேதான் சுற்றும். முள்ளின் எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கிவிடு, கண்ணாடி போடாமல் வீசாதே.